டிராக் ஆகாத ஷாட்: மோஷன் டிராக்கிங்குக்கு எந்த கேமரா எடுப்பது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

"வீடியோல மோஷன் டிராக்கிங் பண்ணணும், எந்த கேமரா வாங்கலாம்?" இந்தக் கேள்வியை நிறைய பேர் அனுப்பியிருந்தீங்க. ஒரு மாடல் பெயரைச் சொல்லி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடலாம். ஆனால் அது உங்களுக்கு உதவாது. ஏன் உதவாது என்பதை, நானே சொதப்பிய ஒரு ஷாட்டை வைத்துச் சொல்கிறேன்.

சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயிலுக்குப் போனவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். அங்கேதான் என் அம்மாயி வீடு இருந்தது. பாகம் பிரித்த பிறகு வீட்டை இடித்து, இடத்தையும் விற்றாயிற்று. அம்மாயிக்கு இப்போது 84 வயது. என் யோசனை இதுதான்: காலி மனையில் அவங்க நடந்து வரட்டும். பழைய போட்டோக்களைப் பார்த்து நான் பிளெண்டரில் வீட்டைக் கட்டுகிறேன். அவங்க நடக்க நடக்க திண்ணை, தூண், ஓட்டுக் கூரை எல்லாம் அவங்களைச் சுற்றி எழும்பணும். ஒரு நிமிஷ வீடியோ. இடத்தை வாங்கியவர் காம்பவுண்ட் சுவர் எழுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே எடுத்தேன். பின்னாடி நடந்துகொண்டே கையில் பிடித்து எடுத்தும், பார்க்க அவ்வளவு வழவழப்பாக வந்தது. அந்த வழவழப்புதான் வினை. வீட்டுக்கு வந்து டிராக் பண்ணி 3டி வீட்டை வைத்தால், வீடு தரையில் நிற்கவே இல்லை. தண்ணீரில் மிதக்கிற மாதிரி தூண் நகர்ந்தது. அதைவிட ஒன்று. அம்மாயி பழைய நிலவாசல் இருந்த இடத்துக்கு வந்ததும், பழக்கத்தில் தலையைக் குனிந்திருக்கிறாங்க. அங்கே வாசலே இல்லை, ஆனாலும் குனிந்தாங்க. எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. வீடியோவில் பார்த்தபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஆனால் என் 3டி வாசல் அந்த நேரத்தில் ஒரு அடி தள்ளி வழுக்கிப் போயிருந்தது. எனக்கு வேண்டிய ஒரே நொடி அதுதான், அதில்தான் டிராக் உடைந்திருந்தது.

சாஃப்ட்வேர் என்ன செய்கிறது?

பஸ் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தால் பக்கத்து மின்கம்பம் வேகமாக ஓடும், தூரத்து மலை மெதுவாக நகரும். அந்த வேகவித்தியாசத்தை வைத்தே எது கிட்ட, எது எட்ட என்று நம் மூளை கண்டுபிடிக்கிறது. கேமரா டிராக்கிங்கும் அதேதான். செங்கல் மூலை, சுவர்க் கறை மாதிரி புள்ளிகளை ஒவ்வொரு ஃபிரேமிலும் பின்தொடர்ந்து, "இவை இப்படி நகர்ந்தால் கேமரா எங்கே இருந்திருக்கணும்?" என்று திருப்பிக் கணக்குப் போடுகிறது. பிளெண்டருக்கு இதற்குக் குறைந்தது 8 புள்ளிகள் வேண்டும். கடைசியில் பிழை எத்தனை பிக்சல் என்று ஓர் எண் காட்டும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் வேலை நடக்கும், 0.3 பக்கம் வந்தால் அருமை.

இந்தக் கணக்கு சில விஷயங்களை நம்பி நிற்கிறது: லென்ஸ் மாறவில்லை, லென்ஸின் மையம் நகரவில்லை, ஃபிரேமில் உள்ள எல்லாமே ஒரே நொடியில் பதிவானது. கேமரா இந்த நம்பிக்கையைக் கெடுத்தால் கணக்கும் கெடும். ஆக, டிராக்கிங்குக்கு நல்ல கேமரா என்றால் அழகாகக் காட்டுகிற கேமரா என்று அர்த்தமில்லை. பொய் சொல்லாத கேமரா என்று அர்த்தம்.

சேலத்துக்காரர்களுக்கு இது புதுசு இல்லை

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீங்க. டி. ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டூடியோவில் இருந்துதான் 1940-இல் 'உத்தம புத்திரன்' வந்தது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடம். அந்தக் காலத்தில் ஒரே ஆளை ஃபிரேமில் இரண்டு தடவை காட்ட வழக்கமான வழி, பாதி ஃபிரேமை மறைத்து எடுத்து, ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி, மறுபாதியை எடுப்பது. நடுவில் கேமரா ஒரு நூல்கூட அசையக் கூடாது.

2001-இல் 'ஆளவந்தான்'. அங்கே இரண்டு கமலையும் ஒரே ஷாட்டில் காட்ட மோஷன் கன்ட்ரோல் ரிக் வந்தது. கேமரா நகரலாம், ஆனால் எந்திரம் அதே நகர்வை அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்யும். 2011 டிசம்பரில் பிளெண்டர் 2.61-இல் கேமரா டிராக்கிங் இலவசமாகவே வந்துவிட்டது. இப்போது கேமராவை எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம், எப்படி நகர்ந்தது என்று பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முன்பு கேமராவைக் கட்டிப்போட்டார்கள், இப்போது அதனிடம் சாட்சி கேட்கிறோம். அதனால்தான் சாட்சி நம்பகமாக இருக்கணும்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ரோலிங் ஷட்டர். சேலம்–விருத்தாசலம் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே போனில் எடுங்க, தென்னை மரமெல்லாம் சாய்ந்து நிற்கும். காரணம், பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழே வரி வரியாக வாசிக்கின்றன. 25 ஃபிரேமில் எடுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி செகண்ட். வாசிக்கவே 25 மில்லி செகண்ட் ஆகிற கேமராவில், ஃபிரேமின் அடிப்பகுதி மேற்பகுதியைவிடப் பாதி ஃபிரேமுக்கு மேல் பிந்திப் பதிவாகிறது. கேமரா அதற்குள் நகர்ந்திருக்குமே! 2012-இல் பிளெண்டர் ஃபவுண்டேஷன் 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தை சோனி எஃப்65-இல் எடுத்தது. அந்த கேமராவில் சுழலும் மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தது, இந்தச் சாய்வுப் பிரச்சினை வராது. குளோபல் ஷட்டர் உள்ள ரெட் கொமோடோ, 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3 போன்றவையும் முழு ஃபிரேமையும் ஒரே நொடியில் பிடிக்கும். இவை நம் பட்ஜெட் இல்லை, சரி. அப்படியென்றால் வாசிப்பு வேகமான கேமராவைத் தேடுங்க, பிறகு கேமராவை மெதுவாக நகர்த்துங்க. இரண்டாவது இலவசம்.

அடுத்தது ஸ்டெபிலைசேஷன். நான் மாட்டியது இதில்தான். போன் ஒவ்வொரு ஃபிரேமையும் வெட்டி, இழுத்து, வளைத்து ஆட்டத்தை மறைக்கிறது. அதாவது லென்ஸின் மையம் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறுகிறது. எனக்குக் கிடைத்த அந்த வழவழப்பு, சாட்சி மாற்றிச் சொன்ன கதை. மிர்ரர்லெஸ் கேமராவில் சென்சாரே நகர்கிற வகையையும் அணைத்துவிடுங்க. அணைக்க முடியாத கேமராவை எடுக்காதீங்க. ஆட்டம் வேண்டாம் என்றால் கிம்பல் பிடிக்கலாம், அது முழு கேமராவையும் சேர்த்து நகர்த்துவதால் கணக்கு கெடாது.

மூன்றாவது, ஷட்டரும் மற்ற மேனுவல் கன்ட்ரோலும். சினிமா வழக்கப்படி 25 ஃபிரேமுக்கு 1/50. ஆனால் புள்ளி கோடாக இழுபட்டால் டிராக்கர் அதைத் தொலைத்துவிடும். 1/100 வைத்தால் கூர்மை கிடைக்கும், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் டியூப்லைட்டும் மினுக்காது. வெயிலில் போன் என்றால் அப்பர்ச்சரைக் குறைக்க முடியாததால் ஷட்டர் 1/1000-ஐத் தாண்டிப் போகும். போகட்டும், மோஷன் பிளரைப் பின்னால் சேர்க்கலாம், இருக்கிற பிளரை எடுக்கத்தான் முடியாது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்க. ஆட்டோ ஃபோகஸ் நகரும்போது பல லென்ஸ்களில் படமே லேசாக ஜூம் ஆகும்.

நான்காவது, லென்ஸ். ஜூம் வேண்டாம், பிரைம் போதும். ஃபோக்கல் லெங்த்தையும் சென்சார் அகலத்தையும் எழுதி வையுங்க. ஃபுல் ஃபிரேம் என்றால் 36 மி.மீ., ஏபிஎஸ்-சி பலவற்றில் சுமார் 23.5 மி.மீ. சில கேமராக்கள் 4கே எடுக்கும்போது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும், அப்போது இந்த அகலம் மாறும். போனில் எடுத்தால், நடுவில் தானாக வேறு லென்ஸுக்குத் தாவாமல் பூட்டுங்க.

கடைசியாக, பதிவாகும் கோப்பு. பிட்ரேட் குறைவாக இருந்தால் புல்லும் மண்ணும் களியாகிவிடும், டிராக்கருக்குப் பிடிமானம் இருக்காது. போன்களில் ஃபிரேம் ரேட் நிலையாக இல்லாமல் ஏறி இறங்குவதும் உண்டு, பூட்ட வசதியுள்ள கேமரா ஆப் பயன்படுத்துங்க. தயவுசெய்து ஃபுட்டேஜை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீங்க. என் தம்பி அனுப்பினான். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இரண்டாவது ஞாயிறு

சேலத்தில் ஒரு ஏபிஎஸ்-சி மிர்ரர்லெஸ்ஸும் 24 மி.மீ. பிரைம் லென்ஸும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். முந்தின நாள் சாயந்திரம் எங்கள் தெருவிலேயே அதிலும் போனிலும் அதே நடை நடந்து டெஸ்ட் எடுத்தேன். இந்த முறை போனிலும் ஸ்டெபிலைசேஷனை அணைத்து, எல்லாவற்றையும் பூட்டி எடுத்தேன். மிர்ரர்லெஸ்ஸில் பிழை 0.4 வந்தது. போனில் 0.9. முதல் தடவை எடுத்ததில் 6-க்கு மேல்! அன்றைக்கே கையில் இருந்த போனை ஒழுங்காக வைத்திருந்தால் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். வாடகைக் காசு அந்த மீதி அரை பிக்சலுக்குத்தான்.

மறுநாள் அம்மாயி வந்ததும், "ஏஞ்சாமி, போன வாரந்தான நடந்தேன்? இன்னொருக்கா எதுக்கு?" என்றாங்க.

"சரியா வரலீங்க அம்மாயி, எம்மேலதான் தப்பு."

காற்றில் ஆடும் தென்னை ஓலை புள்ளிக்கு ஆகாது. அதனால் மனையில் செங்கல் வைத்து, மேலே வெள்ளை டேப்பில் பெருக்கல் குறி ஒட்டினேன். எல்லாப் புள்ளியும் தரையிலேயே இருந்தால் கணக்கு தடுமாறும் என்பதால், பக்கத்துச் சுவரிலும் மின்கம்பத்திலும் சில குறி ஒட்டினேன். டேப் வைத்து இடைவெளிகளை அளந்தேன், வீட்டின் அளவு சரியாக வர அது வேண்டும். வாசல் இருந்த இடம் என்று நான் நினைத்த இடத்தில் இரண்டு செங்கல் வைத்திருந்தேன். அம்மாயி பார்த்துவிட்டு, "வாசப்படி இங்க இல்ல சாமி, ரெண்டடி அந்தாண்ட" என்றாங்க. போட்டோக்களை வைத்து மறுபடி கணக்குப் பார்த்தேன். அவங்க சொன்னதுதான் சரி.

மூன்று டேக். மூன்றாவதில் கால் வலிக்குது என்று உட்கார்ந்துட்டாங்க. மூன்றிலும் அந்த இடத்தில் தலை குனிந்தது. இரண்டாவது டேக்தான் வீடியோவில் இருக்கு. நிலவாசல் நகராமல் நிற்கிறது, அம்மாயி குனிந்து உள்ளே போறாங்க. அந்த வாரமே அங்கே சுவருக்கு வானம் தோண்டிவிட்டார்கள்.

ஆக, கேமரா வாங்கப் போகுமுன் மூன்று கேள்வி கேளுங்க: இதில் எதையெல்லாம் பூட்ட முடியும்? எதையெல்லாம் அணைக்க முடியும்? ஃபிரேமை எவ்வளவு வேகமாக வாசிக்கிறது? அப்புறம் கையில் இருக்கிற போனிலேயே பத்து செகண்ட் எடுத்து, அன்றைக்கே டிராக் பண்ணிப் பாருங்க. ஷூட்டுக்கு முந்தின நாள் பாருங்க, பிந்தின நாள் வேண்டாம். எல்லா மனையும் இரண்டு வாரம் காத்திருக்காது.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.