ராணுவ லாரி ஊருக்கு வந்தது

மலைப் பாதை. மழை பெய்து சேறாகிக் கிடக்கிறது. சாதாரண லாரி இந்தப் பாதையில் ஏறாது. சக்கரம் சுற்றும். ஆனால் வண்டி நகராது. அப்போது பழைய லாரி ஒன்று உறுமிக்கொண்டு வருகிறது. அதன் முதுகில் பெரிய மரக்கட்டைகள். அது மெதுவாக, நிற்காமல் மேலே ஏறிவிடுகிறது.

நாகாலாந்து, மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் இந்த லாரியைப் பார்க்கலாம். மரம், மணல், கல் எல்லாவற்றையும் அது சுமக்கிறது. அதன் பெயர் சக்திமான். ஒரு காலத்தில் அது ராணுவத்தில் வேலை செய்தது.

எங்கே பிறந்தது?

மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள அரசுத் தொழிற்சாலையில் 1959ஆம் ஆண்டு சக்திமான் லாரி தயாரிப்பு தொடங்கியது. ஜெர்மனியின் மான் என்ற நிறுவனம் அனுமதி கொடுத்தது. 1990களில் தயாரிப்பு நின்றது. பிறகு ஸ்டாலியன் போன்ற புதிய லாரிகள் ராணுவத்துக்கு வந்தன.

பழைய வண்டிகளை ராணுவம் ஏலத்தில் விற்கும். இந்த வழக்கம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. அப்போதும் ஏராளமான ராணுவ லாரிகளும் ஜீப்புகளும் இந்தியாவில் விற்கப்பட்டன. அவை சரக்கு லாரிகளாக, பஸ்களாக மாறின.

வாங்குபவர் என்ன செய்ய வேண்டும்?

ஏலத்தில் வண்டியை இருக்கும் நிலையிலேயே விற்பார்கள். பிறகு பழுது என்று திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் நல்ல மெக்கானிக்கை அழைத்துச் சென்று பார்ப்பது நல்லது.

விற்பனைக்கான தாள்களைப் பத்திரமாக வைக்க வேண்டும். அவை இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைப் பதிவு செய்ய முடியாது. பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு மூன்றும் இருந்தால்தான் சாலையில் ஓட்டலாம்.

வண்டியின் ராணுவப் பச்சை நிறத்தையும் மாற்ற வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் வந்தன. ராணுவ வண்டியைத் தவிர வேறு வண்டிக்கு அந்த நிறம் கூடாது என்று அவை சொல்கின்றன.

சேற்றில் ஏறுவது எப்படி?

சாதாரண லாரியில் பின் சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும். முன் சக்கரங்கள் சும்மா உருளும். ராணுவ லாரியில் முன் சக்கரங்களுக்கும் இன்ஜினின் சக்தி போகும். அவையும் வண்டியை இழுக்கும். இதற்குத் தனி லீவர் உண்டு.

சேறு, மணல், ஆற்றுப் படுகை, செங்குத்தான மண் ஏற்றம் ஆகியவற்றில் மட்டும் இந்த லீவரைப் போட வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஏன்?

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். தார் ரோட்டில் வழுக்காது. அதனால் கியரும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் இறுகும். கடைசியில் உள்ளே ஏதாவது உடையும். பழைய வண்டிக்குப் புதிய உதிரிபாகம் கிடைப்பது கடினம்.

தினமும் பார்க்க வேண்டியவை

காலையில் வண்டியைக் கிளப்பும் முன் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ரேடியேட்டரில் தண்ணீர், இன்ஜினில் ஆயில், பிரேக் எண்ணெய் ஆகியவற்றின் அளவைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டை உடைந்திருக்கிறதா, சக்கர நட்டு தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

காற்று பிரேக் உள்ள வண்டியில், மீட்டர் முள் சரியான அளவுக்கு ஏறிய பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரையும் திறந்துவிட வேண்டும்.

டீசல் முழுவதும் தீரும் வரை ஓட்டக் கூடாது. தீர்ந்தால் குழாயில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் இன்ஜின் கிளம்பாது. காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடிக்க வேண்டும். குமிழி நின்று வெறும் டீசல் வந்ததும் திருகை இறுக்க வேண்டும்.

பல ராணுவ வண்டிகளில் 24 வோல்ட் மின்சாரம் ஓடும். அதில் 12 வோல்ட் பல்பைப் போட்டால் உடனே எரிந்து போகும். பல்பு வாங்கும் முன் அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

உயிரைப் பறிக்கும் வளையம்

பழைய லாரிகள் பலவற்றில் டயரைப் பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு வளையம் இருக்கும். இதை லாக் ரிங் என்பார்கள். துருப்பிடித்த வளையமோ, சரியாக உட்காராத வளையமோ காற்று அடிக்கும்போது தெறித்துவிடும். எதிரில் நிற்பவரின் உயிரே போகும்.

ஆகவே டயரைக் கழற்றும் முன், வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்கிவிட வேண்டும். காற்று அடிக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். குழாய் நீளமாக இருக்க வேண்டும். ஆள் எதிரில் நிற்காமல் தள்ளி நிற்க வேண்டும். காற்று உள்ள டயரில் வளையத்தைச் சுத்தியால் தட்டவே கூடாது.

சில ராணுவ வண்டிகளின் சக்கரம் இரண்டு பாதிகளாக இருக்கும். இரண்டையும் போல்ட்டுகள் சேர்த்துப் பிடிக்கும். காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தொடக் கூடாது.

ஏற்றத்தைவிட இறக்கம் கடினம்

இந்த லாரி எங்கும் ஏறும். ஆபத்து இறங்கும்போதுதான். ஏறும்போது இன்ஜின் நின்றால் வண்டி நிற்கும். இறங்கும்போது பிரேக் போனால் வண்டி நிற்காது.

டீசல் மிச்சம் என்று சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். இது மிகவும் தவறு. இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். விடாமல் மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்கும்.

எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பழைய கியர் பெட்டியில் ஓடும்போது கீழ் கியர் எளிதில் விழாது. கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் விழாவிட்டால் வண்டி நியூட்ரலில் ஓடத் தொடங்கிவிடும்.

மற்ற உதிரிபாகங்களைக் காயலான் கடையில் வாங்கலாம். பிரேக் ரப்பர், பிரேக் குழாய், லைனிங் ஆகியவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

சுமைக்கு மேல் ஆள் வேண்டாம்

மலைக் கிராமங்களுக்குப் பஸ் குறைவு. அதனால் மக்கள் மரக்கட்டை மேலும் மணல் மேலும் ஏறி உட்காருகிறார்கள். சுமை சரிந்தால் முதலில் விழுவது அவர்கள்தான்.

காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு நஷ்டஈடு தரும் கட்டாயம் காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. பத்து ரூபாய் கொடுத்து ஏறியவரின் குடும்பம் வெறும் கையோடு நிற்க நேரிடும்.

நினைவில் கொள்வோம்

தார் ரோட்டில் முன் சக்கர லீவர் வேண்டாம்.
இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்.
காற்று உள்ள டயரைக் கழற்ற வேண்டாம்.
சரக்கின் மேல் ஆளை ஏற்ற வேண்டாம்.
நிறுத்திய வண்டியின் சக்கரத்துக்குக் கட்டை போட மறக்க வேண்டாம்.