மெய்ப்பாடும் உரையும்

தன் உடலில் தோன்றும் ஓர் உணர்ச்சியைக் கொடுநோயின் அறிகுறி எனக் கொண்டு, மருத்துவர் ஆய்ந்து நோயில்லை என்ற பின்னரும் அக்கொள்கையினின்று மீளமாட்டாது உழலும் நிலையை நோய்க்கவற்சி எனலாம். முன்னிற்கும் இடர் கண்டு எழுவது அச்சம். ஒரு பொருளையே பற்றி, அதன் அளவுக்கு மிஞ்சி எழுவது வெருளி. வாராத ஒன்றை வந்ததாக எண்ணி உள்ளம் ஓயாது அலைவது கவற்சி. இம்மூன்றையும் 'பயம்' என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டுத் தமிழில் உளநூல் எழுதச் சொல் இல்லை என்பார்க்கு, சொல்லில்லாமை தமிழின் குறையன்று, தேடாமையே குறை என்பதுதான் விடை.

மேலை மருத்துவம் இந்நிலைக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் ஐப்போகாண்டிரியா. விலாவின் குருத்தெலும்புக்குக் கீழுள்ள இடம் என்பதே அக்கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள். அவ்விடத்து உறுப்புகளின் கோளாறே உள்ளச் சோர்வுக்கு முதல் எனப் பண்டை மருத்துவர் கருதியதால் இடத்தின் பெயர் நோய்க்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் கழகம் தன் நோய்வகைக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அப்பெயரை நீக்கி, அந்நிலையை இரண்டாகப் பகுத்தது. உடற்குறிகள் மிகுந்திருக்க அவை பற்றி எழும் கலக்கம் ஒன்று. குறிகள் இல்லாமலோ மெலிதாகவோ இருக்க, நோயுண்டு அல்லது நோய்வரும் என்னும் எண்ணமே ஆறு திங்களேனும் மேலோங்கி நிற்பது மற்றொன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடோ பழம்பெயரை வைத்துக்கொண்டு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் உளநோய்களின் குழுவில் இதனைச் சேர்த்தது. இச்சேர்க்கையே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பூட்டிய கதவைப் பத்துமுறை இழுத்துப் பார்க்கும் கையும், மணிக்கட்டின் துடிப்பைப் பத்துமுறை தொட்டுப் பார்க்கும் கையும் ஒரே ஏவலுக்குப் பணிவன.

இனி, இக்கவற்சியோடு வரும் உடற்குறிகளுக்கு என்ன பெயரிடுவது? 'ஒன்றுமில்லை, எல்லாம் உன் நினைப்புத்தான்' என்று வீட்டாரும் சிலபோது மருத்துவரும் சொல்வதுண்டு. ஆறுதலாகச் சொல்லப்படும் இக்கூற்று அறிவியலுக்கு ஒவ்வாதது. படபடக்கும் நெஞ்சு உண்மையாகவே படபடக்கிறது. இதற்குரிய கலைச்சொல்லைத் தொல்காப்பியம் முன்பே தந்திருக்கிறது. உள்ளத்தில் நிகழ்வது உடலின்கண் வெளிப்படுதலை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதனை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நந்நான்கையும் அந்நூல் வகுத்தது. அச்சத்துக்கு அது கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பவை. விலகியோடத் திசை உண்டு. நோய்க்கவற்சியிலோ அஞ்சப்படும் பொருளும் அஞ்சுவானின் உடலும் ஒன்றே ஆதலின் ஓடுதற்குத் திசையில்லை. இதனை ஐந்தாம் நிலைக்களன் எனச் சேர்த்தெண்ண இலக்கணம் இடந்தருமோ, அறியேன், மருத்துவம் இடந்தரும். மெய் என்னும் சொல் உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது. குறி மெய், குறிக்கு உள்ளம் எழுதும் உரையே பொய்.

மெய்ப்பாடு தோன்றும் முறையைக் காண்போம். உடலின் உள்ளுறுப்புகளை நம் விருப்பத்தைக் கேளாமல் நடத்துவது தன்னியக்க நரம்புத் தொகுதி. அதன் ஒரு கிளை பரிவு நரம்புகள். இடர் என்னும் செய்தி மூளையில் எழுந்தவுடன் இவை விழிக்கின்றன. சிறுநீரகங்களின் முடியில் அமர்ந்த அண்ணீரகச் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் விடுகின்றன. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றங்களைத் தொகுத்து, இவை அனைத்தும் போரிடவோ ஓடவோ உடலை அணியமாக்கும் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள் என்று காட்டினார். நெஞ்சாங்குலை விரைந்தும் வலிந்தும் துடிப்பது தசைகளுக்குக் குருதி மிகுத்து அனுப்ப. தோலின் குருதிக்குழாய்கள் சுருங்குவதால் கை சில்லிடுகிறது, முகம் வெளிறுகிறது. செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுவதால் குமட்டலும், உமிழ்நீர் குறைவதால் நாவறட்சியும் உண்டாகின்றன. கண்மணி விரிவதால் ஒளி கூசுகிறது. முறுக்கேறிய தசை நடுங்குகிறது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் ஒரு நோய். சேர்த்து நோக்கின் ஒரே கட்டளையின் வரிசை.

இவ்வரிசையில் மிகவும் நுட்பமானது மூச்சு. அஞ்சியவன் தேவைக்கு மிஞ்சி மூச்செறிகிறான். இதனை மிகைமூச்சு என்போம். ஓடுபவனுக்கு அது தகும், ஏனெனில் உழைக்கும் தசை கரிவளியை மிகுதியாக ஈனும். நாற்காலியில் அமர்ந்து மிகைமூச்செறிபவனுக்கோ குருதியிலுள்ள கரிவளி வெளியேறிக் குறைந்துவிடுகிறது. அதன் இயல்பான அழுத்தம் இதளிய (பாதரச) அளவில் 35 முதல் 45 மில்லிமீட்டர். அது தாழும்போது குருதியின் களர்த்தன்மை உயர்கிறது, மூளைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது, கட்டற்று உலவும் சுண்ண அணுக்கள் குறைந்து நரம்புகள் எளிதில் கிளர்ந்து உதட்டோரமும் விரல்நுனியும் ஊறுகின்றன. விலாவிடைத் தசைகள் களைத்து நெஞ்சு வலிக்கிறது. குருதியில் உயிர்வளி குறையவில்லை. ஆயினும் மூச்சு முட்டுவதாகவே உணர்ச்சி சொல்கிறது, அவன் மேலும் மூச்செறிகிறான். மூச்சின் மிகுதியே மூச்சின்மையாகத் தோன்றும் இம்முரணைவிட வியப்பானதை உடலியலில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இம்மெய்ப்பாடு நோயாகப் படிக்கப்பட்ட வரலாற்றுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் ஒரு சான்று. பிலடெல்பியா நகரில் படையினரை மருத்துவம் பார்த்த டா கோசுட்டா, நெஞ்சுப் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் ஆகியவற்றோடு வந்த 300-க்கும் மேற்பட்டோரை ஆய்ந்து, 1871-இல் 'எரிச்சலுற்ற நெஞ்சாங்குலை' என்னும் பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நெஞ்சாங்குலையின் கட்டமைப்பில் கேடில்லை. இயக்கத்திலேயே கோளாறு என்றார். முதல் உலகப்போரில் மீண்டும் அதே குறிகள் ஆயிரக்கணக்கில் வந்தன; மருத்துவர் தாமசு லூயிசு அவற்றுக்கு 'முயற்சி நோய்த்தொகை' என்று பெயரிட்டார். 1941-இல், இன்னொரு போரின் நடுவில், பால் வுட் என்னும் நெஞ்சாங்குலை மருத்துவர் அக்குறிகளுக்கு வேர் அச்சமே என்று வாதிட்டார். நெஞ்சில் தேடியதை உள்ளத்தில் காண எழுபது ஆண்டுகள் சென்றன.

உள்ளத்தில் அவ்வச்சம் எவ்வாறு சுழல்கிறது என்பதை 1986-இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் விளக்கினார். இயல்பான உடலுணர்ச்சியைப் பேரிடரின் குறியாகப் பொருள்கொள்ளுதல் அச்சத்தை எழுப்பும். அச்சம் அவ்வுணர்ச்சியை மிகுக்கும். மிகுந்த உணர்ச்சி முதற்கோளுக்குச் சான்றாகும். நம் இலக்கணத்தில் ஒரு செய்யுளின் சொற்களை எவ்வாறு கூட்டிப் பொருளுரைப்பது என்பதற்குப் பொருள்கோள் என்று பெயர். அச்சொல்லை இங்குப் பெயர்த்து நட்டு, இதனைப் பேரிடர்ப் பொருள்கோள் என அழைக்கப் பரிந்துரைக்கிறேன். அதே ஆண்டில் சால்கோவ்சுகிசு, வார்விக் என்னும் ஆய்வாளர் இருவரும் நோய்க்கவற்சியில் இச்சுழலை ஓயாது சுற்றவைப்பது எது என ஆய்ந்து, பிறரிடம் தேறுதல் கேட்பதும் தன்னைத்தானே தடவிப் பார்ப்பதுமே என்று காட்டினர். தேறுதல் உடனே தணிக்கும், விரைவில் கரையும், மீண்டும் கேட்கத் தூண்டும்.

தேடும் செயலே தேடியதை ஆக்கித் தருவதும் உண்டு. கழுத்தில் கட்டியோ என்று நாள்தோறும் அழுத்திப் பார்த்தால் அவ்விடம் நோகும். தொண்டையில் ஏதோ அடைப்பது போலிருக்கிறதென்று திரும்பத் திரும்ப விழுங்கினால் தொண்டை உலர்ந்து இறுகும். குருதியழுத்தத்தைப் பதற்றத்தோடு அளந்தால் அளவு உயரும். நெஞ்சாங்குலை ஒரு நாளில் ஏறத்தாழ நூறாயிரம் முறை துடிப்பது. அவற்றுள் இடையே முந்தித் துடிக்கும் சில துடிப்புகள் நலமுள்ளோர்க்கும் உண்டு. கருத்தை அங்கேயே நிறுத்தியவன் எண்ணுகிறான். மற்றவன் அறியாமலே கடந்துபோகிறான். நள்ளிரவில் கைப்பேசியில் குறிகளைத் தேடுவதையும் இவ்வகையிலேயே அடக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எல்லையையும் சொல்லவேண்டும். மோலியேர் என்னும் பிரெஞ்சு நாடகத்தார் புனைநோயாளி ஒருவனை எள்ளி நாடகம் எழுதி, அவ்வேடத்தைத் தாமே ஏற்று நடித்தார். 1673 பிப்ரவரி 17 அன்று, நான்காம் முறை நடித்தபோது மேடையிலேயே நலிவுற்று அவ்விரவே இறந்தார். கவற்சியுள்ளவன் என்னும் பெயர் ஒருவனுக்கு நோயே வாராது என்னும் காப்பன்று. புதிதாக எழுந்த நெஞ்சுவலி, உழைக்கையில் வரும் நெஞ்சிறுக்கம், மயங்கி வீழ்தல், கரணியமின்றி உடல் மெலிதல் ஆகியவை மருத்துவரிடம் செல்லவேண்டியவை. ஒரு முறை முறையாக ஆய்வது அறிவு. விடை பெற்றபின் அதே வினாவோடு ஐந்தாம் மருத்துவரை நாடுவதில்தான் கவற்சி தொடங்குகிறது.

மருத்துவம் உணர்ச்சியை அடக்க முயல்வதில்லை. பொருள்கோளை மாற்றவே முயல்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் ஒருங்கே சீர்செய்யும் இம்முறையில், பயிற்சி பெற்ற உளமருத்துவர் நோயாளியை ஓரிரு மணித்துளிகள் வேண்டுமென்றே விரைந்து மூச்செறியச் சொல்வார். அவன் நாள்தோறும் அஞ்சிய கிறுகிறுப்பும் ஊறலும் அவன் ஏவலிலேயே வந்து, மூச்சு அமைந்ததும் அவன் கண்முன்னரே அகல்கின்றன. தொட்டுப் பார்க்கும் கையை முதலில் பத்து மணித்துளி பொறுக்கச் செய்வர். பிறகு அரை மணி. பிறகு மாலை வரை. வீட்டார்க்கும் ஒரு பணி உண்டு, அது கடினமானது: கேட்கும்போதெல்லாம் 'உனக்கு ஒன்றுமில்லை' என்னாமல், 'இதற்கு விடை சொல்வதில்லை என்று பேசிவைத்தோமே' என்று அன்போடு நிறுத்துதல். தேவைப்படும்போது மருத்துவர் மருந்தும் தருவார்.

இவற்றோடு ஒரு குறிப்பேடும் வைக்கலாம். இடப்பத்தியில் மெய்ப்பாடு, வலப்பத்தியில் உரை. 'இரவு ஒன்பது மணி, நெஞ்சு படபடத்தது' என்று இடத்தே எழுதினால், வலத்தே கை தானாக 'மாரடைப்பு' என்று எழுதும். அதன்கீழ் இன்னோர் உரைக்கும் இடம் விட்டிருக்கும்: 'மூன்று மாடி ஏறினேன், மாலையில் இரண்டு குவளை குளம்பி.' தொல்காப்பியத்தின் ஒரே நூற்பாவுக்கு உரையாசிரியருள் இளம்பூரணர் ஒன்றும் பேராசிரியர் வேறொன்றும் உரைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. கிழமைகள் செல்லச் செல்ல முதலுரை சுருங்கும், மற்றது நீளும். இன்னும் சில நாள்களில் இடப்பத்தியில் படபடப்பு என்று மட்டும் இருக்கும். வலப்பத்தி எழுதப்படாமலே கிடக்கும்.