ஜாக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ டிசம்பரில் டெல்லியில் வந்து இறங்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு கனத்த ஜாக்கெட். கையில் இருந்த பணத்தில் பாதி அதற்கே போய்விடும். உள்ளே ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திப் பனியன், பருத்திச் சட்டை, ஜீன்ஸ். ஜனவரியில் பனிமூட்டம் இறங்கிப் பகலிலும் வெயில் தலைகாட்டாமல் போகும் நாட்களில் அந்த ஜாக்கெட்டுக்குள்ளேயே நடுங்குவார்கள். பிறகு அதைவிடக் கனமான ஜாக்கெட் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். குறை ஜாக்கெட்டில் இல்லை. வாங்கிய வரிசை தலைகீழ்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. உடுப்பு தானாக ஒரு துளி வெப்பத்தையும் உண்டாக்குவதில்லை. போகிற வெப்பத்தைத் தாமதப்படுத்துவது ஒன்றுதான் அதன் வேலை. அந்த வேலையையும் துணியின் இழை செய்வதைவிட, இழைகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்ட காற்றுதான் அதிகம் செய்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மந்தமாகக் கடத்தும். தண்ணீர் அதைப்போல 20 மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். ஆக, குளிருக்கு உடுத்துவது என்றால் உடம்பைச் சுற்றிக் கொஞ்சம் காற்றை நகரவிடாமல், நனையவிடாமல் பிடித்து வைத்திருப்பது. கம்பளியின் சுருள், வாத்தின் மெல்லிறகு, ஃபிளீஸின் பூம்புறம் எல்லாம் இதற்கான வெவ்வேறு கூண்டுகள். காற்றுக்கு விலை இல்லை. கூண்டுக்குத்தான் விலை, அது மலிவாகவும் கிடைக்கிறது.

உடுப்பு எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஓர் அலகும் உண்டு. 1941-ல் கேகி, பர்ட்டன், பேசெட் என்ற மூன்று உடலியல் ஆய்வாளர்கள் 'க்ளோ' என்ற அளவை முன்வைத்தார்கள். 21 டிகிரி செல்சியஸ் அறையில், காற்றோட்டம் அதிகமில்லாமல், சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் குளிரோ புழுக்கமோ தெரியாமல் இருக்கத் தேவையான உடுப்பு 1 க்ளோ. கோட்டும் சூட்டும் போட்ட அந்தக் கால அலுவலகக்காரரை நினைத்துக்கொள்ளலாம். கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் வடிவமைப்பவர்கள் இன்றும் இந்த அளவைத்தான் கையாளுகிறார்கள். ஒவ்வொரு துணிக்கும் அவர்களிடம் பட்டியல் இருக்கிறது.

துணிக்கடைக்குப் போகும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது. முழுக்கைச் சட்டை சுமார் 0.25. கனத்த முழுக்கை ஸ்வெட்டர் 0.36. உள்ளே போடும் தெர்மலில் மேலாடை 0.20, கால்சட்டை 0.15, சேர்த்தால் 0.35. அதாவது வெளியே தெரியாமல் ஒட்டிக்கிடக்கும் ஒரு ஜோடி தெர்மல், புசுபுசுவென்ற ஸ்வெட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழச் சமம். மேலங்கி ஒன்றுக்கு 0.6 என்று வைத்தாலும் அது இரண்டு ஸ்வெட்டரைக்கூட எட்டவில்லை. தெர்மல் ஜோடி, சட்டை, தடித்த பேன்ட், ஸ்வெட்டர், சாக்ஸ், ஷூ எல்லாவற்றையும் கூட்டினால் ஜாக்கெட் இல்லாமலே 1.2, 1.3 க்ளோ வந்துவிடும். கூட்டல் கணக்கு தோராயமானதுதான், ஆனால் எதை முதலில் வாங்குவது என்று முடிவு செய்யப் போதும். தெர்மல், ஸ்வெட்டர், அதற்குப் பிறகு ஜாக்கெட்.

இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாமல் ஒருவர் ஜாக்கெட்டுக்குப் போவதில் வியப்பில்லை. தெர்மல் கண்ணுக்குத் தெரியாது, புகைப்படத்தில் வராது.

பல மெல்லிய அடுக்குகள் ஒரு கனத்த அடுக்கைவிட மேல் என்பதற்கு எவரெஸ்ட்டில் சாட்சி இருக்கிறது. 1924-ல் அங்கே மறைந்த மலையேற்ற வீரர் ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999-ல் கண்டெடுக்கப்பட்டது. அவர் உடம்பில் எஞ்சியிருந்த துணிகளை ஆராய்ந்து அதேபோன்ற உடையைத் திரும்பவும் தயாரித்தார்கள். 2006-ல் கிரஹாம் ஹொய்லண்ட் அதைப் போட்டுக்கொண்டு எவரெஸ்ட்டிலேயே சோதித்துப் பார்த்தார். பட்டு, பருத்தி, கம்பளி என்று மெல்லிய அடுக்குகள், எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும் காபர்டீன். ட்வீட் கோட்டைப் போட்டுக்கொண்டு மலையேறிய அப்பாவிகள் என்று அதுவரை கேலி செய்யப்பட்ட கூட்டத்தின் உடை, எடை குறைவாகவும் அசைவுக்கு வசதியாகவும் இருந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரு காற்றுப் படலம். பட்டின் மேல் கம்பளி வழுக்கிக்கொண்டு நகரும்.

இதைவிட எனக்குப் பிடித்தது நார்வேக்காரர் ஹென்ரிக் ப்ரூன் செய்தது. 1933-ல் அவர் மீன் வலையை எடுத்துப் பனியனாக்கினார். முழுக்க ஓட்டை. மேலே ஒரு சட்டையைப் போட்டு மூடினால் ஒவ்வொரு ஓட்டையும் காற்று தேங்கும் அறையாகிவிடும். வியர்வையும் தோலில் ஒட்டாமல் மேலே போய்விடும். நம் ஊர் வலைப் பனியனை வெயிலுக்குப் போடுகிறோம். மேலே மூடாமல் விட்டால் காற்றோட்டம், மூடினால் காப்பு.

காற்றைப் பிடித்து வைப்பதுதான் விஷயம் என்றால் அளவு, தையல் எல்லாம் அழகுக்கு மட்டும் அல்ல என்று ஆகிறது. ஸ்வெட்டரை இறுக்கமான ஜாக்கெட்டுக்குள் திணித்தால் காற்று நசுங்கி வெளியே போய்விடும். க்ளோவும் கூடவே போகும். மிகத் தொளதொளவென்று இருந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கழுத்து வழியாகச் சூடான காற்று வெளியேறிக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். உடம்பை ஒட்டிய தெர்மல், அதன் மேல் சரியான அளவில் சட்டை, அரை அளவு தளர்வாக ஸ்வெட்டர், இவை எல்லாவற்றையும் போட்டபடியே அளவு பார்த்து வாங்கிய ஜாக்கெட் என்று இருந்தால் பார்வைக்கும் மூட்டையாகத் தெரியாது. ஷூவில் இந்தத் தவறு இன்னும் கெடுதல். குளிருகிறதே என்று இரண்டு ஜோடி சாக்ஸை ஒரே ஷூவுக்குள் அடைப்பார்கள். காற்றுக்கு இடம் இல்லாமல் போய், ரத்த ஓட்டமும் குறைந்து, பாதம் முன்பைவிடச் சில்லிடும்.

இனித் துணி. பருத்தியின் மேல் நமக்கு இருக்கிற பாசம் வெயில் ஊரில் நியாயமானது. குளிரில், தோலை ஒட்டிய அடுக்காக, அது துரோகம் செய்யும். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உலர மறுக்கும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்காரும். டெல்லி மெட்ரோவில் நெரிசலில், ஜாக்கெட்டைக் கழற்றாமல் நின்று வியர்த்துவிட்டு, நிலையத்துக்கு வெளியே வந்ததும் முதுகில் ஐஸ் வைத்ததுபோல் இருக்கிறதே, அது இதுதான். 100 மில்லி வியர்வை ஆவியாகப் போக ஏறக்குறைய 240 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அத்தனையும் உடம்பிலிருந்தே போனால், உட்கார்ந்திருக்கும் உடல் 40 நிமிடங்களில் உண்டாக்கும் வெப்பம் அது. குளிர்நாட்டுக்காரர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது லேசாகக் குளிரும்படியே உடுத்துவார்கள். பத்து நிமிட நடையில் சரியாகிவிடும் என்று தெரியும்.

கம்பளியின் சாமர்த்தியம் வேறு மாதிரி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடும். இந்தத் தந்திரத்தைச் செயற்கை இழைக்குக் கொண்டுவந்துதான் ஜப்பானின் யூனிக்லோ, டோரே நிறுவனத்தோடு சேர்ந்து 2003-ல் ஹீட்டெக் உள்ளாடைகளைச் சந்தைக்கு விட்டது. கம்பளி குத்துகிறது என்பவர்களுக்கும் காரணம் தெரிந்துவிட்டது: இழையின் தடிமன் 30 மைக்ரானைத் தாண்டினால் முனை மடங்காமல் தோலைக் குத்தும். பஷ்மினா இழை 12 முதல் 16 மைக்ரான்தான், அதனால்தான் அந்த வழவழப்பும் அந்த விலையும். மட்டமான கம்பளியை வீசிவிட வேண்டாம். சட்டைக்கு மேலே போட்டால் அது தோலைத் தொடவே போவதில்லை.

கையில் காசு குறைவு என்றால் அக்ரிலிக்கும் ஃபிளீஸும்தான் கதி, அது மோசமான கதியும் அல்ல. 'கேஷ்மிலான்' என்று கடைக்காரர் எடுத்துப் போடுவது அக்ரிலிக் நூல். நம் ஊர்களில் குளிர்காலத்தில் கடை விரிக்கும் திபெத்தியர்கள் விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை லூதியானாவிலிருந்து வருபவை. உலர்ந்திருக்கும்வரை அக்ரிலிக்கும் காற்றைப் பிடிக்கும். சில துவைப்புகளுக்குப் பிறகு பந்து பந்தாக நூல் திரளும் என்பதுதான் குறை. ஃபிளீஸ் பாலியெஸ்டர். தன் எடையில் ஒரு சதவீத ஈரத்தைக்கூட இழைக்குள் வைத்துக்கொள்ளாது, உதறினால் காய்ந்துவிடும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை 1979 வாக்கில் உருவாக்கிய துணி இது. முதலாளி ஆரன் ஃபாயர்ஸ்டீன் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் நெய்தார்கள், விலை விழுந்தது. 1995-ல் அந்த ஆலை எரிந்தபோது வேலை இல்லாமல் நின்ற தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருந்தவரும் அவர்தான். ஃபிளீஸுக்கு ஒரே பலவீனம், காற்று அதை ஊடுருவும். மேலே மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று போதும்.

பைக்கில் போகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகக்கூடாது. 8 டிகிரிக் காலையில் 40 கி.மீ. வேகக் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது 3 டிகிரி போலப் படும். பைக்கில் அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். மலைச்சரிவில் இறங்கும் சைக்கிள் பந்தய வீரர்கள் ஜெர்சிக்குள் மார்பின்மேல் செய்தித்தாளைச் செருகிக்கொள்வது பழைய வழக்கம். நேற்றைய பேப்பரைவிட மலிவான காற்றுத்தடுப்பை நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் சொன்னபின், ஜாக்கெட் கடைசி என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டொராண்டோவில் வீட்டு உரிமையாளர் குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி இருக்கும்படி வெப்பம் கொடுக்க வேண்டும் என்பது மாநகரச் சட்டம். அந்த நகரின் ஸ்கார்பரோவில் இருக்கும் நம்மவர்கள் வீட்டுக்குள் டி-ஷர்ட்டோடு இருந்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் பூஜ்யத்துக்கு எத்தனையோ கீழே நிற்பவர்கள். ஒரே அசைவில் போட்டுக் கழற்றக்கூடிய, காற்றும் பனியும் புகாத நல்ல மேலங்கிதான் அங்கே முதல் செலவு. டெல்லி வீடு வெயிலுக்காகக் கட்டப்பட்டது: உயரமான கூரை, கல் தரை, இடுக்குள்ள சன்னல், வெப்பமூட்டும் வசதி கிடையாது. அங்கே குளிர் இருப்பது வீட்டுக்குள், அலுவலகத்துக்குள், வகுப்பறைக்குள். நாள் முழுக்கக் கழற்றாமல் இருக்கும் அடுக்குகளுக்குத்தான் அங்கே மதிப்பு. ஊட்டிக்கும் இதே கணக்கு.

தலை வழியாகத்தான் பாதி வெப்பம் போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. உடலின் மற்ற பகுதிகளை மூடிவிட்டுத் தலையை மட்டும் திறந்துவைத்துச் செய்த பழைய அமெரிக்க ராணுவச் சோதனையிலிருந்து கிளம்பியது அது. தலை வழியாகப் போவது அதன் பரப்புக்கு ஏற்ற பங்கு, பத்தில் ஒன்றுக்குள்தான். குல்லாய் வேண்டாம் என்பதில்லை, குல்லாயால் மட்டும் காரியம் ஆகாது. விரல்கள் சில்லிடுவதற்கும் பல நேரம் காரணம் நடுவுடல். மார்பும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க மூளை கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். கையுறை போட்டும் விரல் விறைக்கிறவர், கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றைச் சட்டைக்கு மேலே போட்டுப் பார்க்கலாம். வட இந்தியர்கள் குர்தாவின்மேல் போடும் கம்பளி நேரு ஜாக்கெட் இந்த வேலையைத்தான் செய்கிறது. கை வீசி வேலை செய்யலாம், நடுவுடல் காக்கப்படும், கல்யாணத்துக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தும். நேர்த்தியும் உடலியலும் இவ்வளவு ஒத்துப்போகும் உடுப்பு குறைவு.

சேலையும் சளைத்ததல்ல. ஆய்வாளர் மாதவி இந்திரகண்டியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெப்பமூட்டிய பொம்மைக்குச் சேலை, சல்வார், வேட்டி, லுங்கி என்று உடுத்தி அளந்து பார்த்தார்கள். சேலையை உடுத்தும் விதம் மாறினால் காப்பும் மாறியது. முந்தானையைப் பின்னால் தொங்கவிடாமல் இரு தோளையும் சுற்றிப் போர்த்திக்கொண்டால் ஓர் அடுக்கு கூடுதல், செலவில்லாமல். டெல்லியில் பழகிய தமிழ்ப் பெண்கள் உள்ளே தெர்மல் கால்சட்டை, ரவிக்கைக்குப் பதில் கழுத்து மூடிய மெல்லிய ஸ்வெட்டர், மேலே சால்வை என்று போய்க்கொண்டிருப்பார்கள். பட்டுச்சேலைக்குக் கறுப்பு ஸ்வெட்டர் பொருந்தும் அழகைப் பார்த்தால் தெற்கத்திக் கல்யாணங்களிலும் குளிர் அடிக்கக்கூடாதா என்று தோன்றும்.

நிறத்தைப் பற்றி என் கட்சி இது: ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் பழுப்பு, கருநீலம், சாம்பல் போன்ற அடங்கிய நிறங்களில் இருக்கட்டும், எதனோடும் எது வேண்டுமானாலும் சேரும். பளிச்சென்ற ஆசையை மஃப்ளரில் தீர்த்துக்கொள்ளலாம். சரோஜினி நகரில் ஏற்றுமதியில் மிஞ்சியவை, காஷ்மீரி கேட் அருகே மொனாஸ்டரி மார்க்கெட்டில் திபெத்தியர் கடைகள் என்று டெல்லியில் பேரம் பேச இடமுண்டு. பேரம் முடிப்பதற்கு முன் ஸ்வெட்டரைக் கையில் அமுக்கிவிட்டு விடுங்கள். உடனே எழும்பி வந்தால் காற்றுக்கு இடமிருக்கிறது. அமுக்கியபடி கிடந்தால் பாதி விலைக்கும் வேண்டாம்.

ஹோலி முடிந்ததும் டெல்லிக்காரர்கள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைப்பார்கள். கம்பளியைத் துவைக்காமல் வைக்கக்கூடாது; அந்துப்பூச்சியின் புழு கம்பளியில் உள்ள கெராட்டினைத் தின்னும், வியர்வையும் எண்ணெய்க்கறையும் பட்ட இடத்தை முதலில் தேடிப் போகும். ஸ்வெட்டரை மாட்டி வைத்தால் தொங்கி நீளும், மடித்து வைக்க வேண்டும். இறகு அடைத்த ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டக்கூடாது. பருத்திப் பஞ்சு அடைத்த ரஜாய்ப் போர்வை சில குளிர்காலங்களில் தட்டையாகிப்போனால் புதிது வாங்குவதற்கு முன், பஞ்சைப் பிரித்து அடித்துத் திரும்பத் தைத்துத் தருபவர் தெருமுனையில் இருக்கிறாரா என்று பாருங்கள். அதே பஞ்சுதான், அதே எடைதான். அவர் உள்ளே திரும்ப ஏற்றித் தருவது காற்றை.