உங்களுக்குத் தெரியுமா? புனே கையில் ஓர் ஆங்கிலேயக் கால்பந்துக் கிளப்!

ஹடப்சரில் வாடகைக்கு வீடு பிடித்து, மகர்பட்டா ஐ.டி. பூங்காவுக்குப் போய் வரும் தமிழ்த் தம்பிகளே, தங்கைகளே! சனி, ஞாயிறு இரவுகளில் கண் விழித்து இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்கிறீர்களே... அந்த லீக்கில் முதன்முதலில் ஒரு கிளப்பை வாங்கிய இந்திய நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? லண்டனில் இல்லை, மும்பையில் இல்லை. உங்கள் புனேயிலேயே, சிங்ககட் சாலையில்!

அது மென்பொருள் கம்பெனி இல்லை. கார் கம்பெனியும் இல்லை. கோழிக் கம்பெனி! வெங்கீஸ்!

கிளப்பின் பெயர் பிளாக்பர்ன் ரோவர்ஸ். வாங்கிய நாள் 2010 நவம்பர் 19. விலை 2.3 கோடி பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 165 கோடி ரூபாய்! கடன் தனி!

நாமக்கல் முட்டை விலையைத் தினமும் பேப்பரில் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்த விலையைச் சொல்லும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை 1982-இல் உருவாக்கியவர் டாக்டர் பி.வி. ராவ். வெங்கீஸைத் தொடங்கியவரும் அவரேதான். கிளப்பை வாங்கிய அனுராதா தேசாய், வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ் மூவரும் அவருடைய பிள்ளைகள். நாமக்கல் முட்டைக்கும் பிளாக்பர்ன் கோலுக்கும் ஒரே குடும்பம்!

சின்ன கிளப் என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்த ஆண்டு 1875! இங்கிலாந்து லீக் சாம்பியன் பட்டம் 3 முறை. எஃப்.ஏ. கோப்பை 6 முறை!

1888-இல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோதும் இருந்தார்கள். 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியபோதும் இருந்தார்கள். இரண்டு தொடக்கத்திலும் இருந்த கிளப்புகள் உலகத்திலேயே மூன்றுதான். ஆஸ்டன் வில்லா, எவர்டன், பிளாக்பர்ன்!

ஊரின் மக்கள் தொகை சுமார் 1.2 லட்சம். மைதானமான ஈவுட் பார்க்கில் இருக்கைகள் 31,000-க்கு மேல். ஊரில் நாலில் ஒருவர் உள்ளே உட்காரலாம்!

சரி, புனே முதலாளிகளின் முதல் சீசனுக்கு வருவோம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

வாங்கிய 2-ஆம் நாள் ஆஸ்டன் வில்லாவை 2-0 என்று வென்றார்கள். 8-ஆம் நாள் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 7-1 என்று தோற்றார்கள்! பெர்படோவ் ஒருவரே 5 கோல்!

24-ஆம் நாள் மேனேஜர் சாம் அலர்டைஸ் வேலை போனது. அணி அப்போது கடைசி இடத்திலா இருந்தது? இல்லவே இல்லை. 20 அணிகளில் 13-ஆம் இடம்! புதிய முதலாளிகளின் கீழ் அவர் ஆடவைத்த 4 ஆட்டங்களில் 2 வெற்றி! பிரீமியர் லீக்கில் நான் பார்த்த வேலை நீக்கங்களிலேயே இதுபோல் வியப்பூட்டியது வேறில்லை.

பதிலுக்கு வந்தவர் ஸ்டீவ் கீன். பயிற்சிக் குழுவில் இருந்தவர். அதற்குமுன் எந்த கிளப்பிலும் முழுநேர மேனேஜராக இருந்ததே இல்லை!

அந்த ஜனவரியில் இவர்கள் வலைவீசியது யாருக்குத் தெரியுமா? ரொனால்டினோவுக்கு! ஆமாம், உலகக் கோப்பை வென்ற அதே பிரேசில் மந்திரவாதி! அவர் கடைசியில் பிரேசிலின் பிளமெங்கோவுக்குப் போய்விட்டார்.

ஜனவரி 5 அன்று லிவர்பூலை 3-1 என்று சாய்த்தார்கள். மூன்றே நாளில் லிவர்பூல் மேனேஜர் ராய் ஹாட்ஜ்சனுக்கு வேலை போயிற்று! அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் கென்னி டால்கிலிஷ். 1995-இல் பிளாக்பர்னுக்கே பிரீமியர் லீக் பட்டம் வாங்கித் தந்த அதே டால்கிலிஷ்!

அப்புறம்தான் சறுக்கல். பிப்ரவரியில் வெற்றி இல்லை. மார்ச்சில் வெற்றி இல்லை. ஏப்ரல் முடியப் போகிறது, அப்போதும் இல்லை. தொடர்ந்து 10 ஆட்டம். 6 தோல்வி, 4 டிரா, வெற்றி பூஜ்யம்!

இந்தத் தொடரில் விகனிடம் 3 கோல் போட்டும் தோற்றார்கள். 4-3! ஃபுல்ஹாமிடம் 2 கோல் போட்டும் தோற்றார்கள். 3-2!

பஞ்சம் தீர்ந்தது ஏப்ரல் 30 அன்று. போல்டனை 1-0 என்று வென்றார்கள். அலர்டைஸ் வேலை போனதற்கு முந்தைய நாள் தோற்றது யாரிடம் தெரியுமா? இதே போல்டனிடம்!

மே 14. மான்செஸ்டர் யுனைடெட் ஈவுட் பார்க்குக்கு வருகிறது. ஆட்டம் 1-1. அந்த ஒரு புள்ளியால் யுனைடெட்டுக்கு 19-ஆவது லீக் பட்டம்! லிவர்பூலின் 18 பட்டச் சாதனை உடைந்த மைதானம் நம் புனேக்காரர்களுடையது! பிளாக்பர்னுக்கும் அந்த ஒரு புள்ளி உயிர்ப் புள்ளி. கடைசி நிமிடங்களில் இரண்டு அணிகளும் பந்தை ஆளுக்கு ஆள் தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தின. 90 நிமிடம் முடிந்ததும் இரு தரப்புக்கும் கொண்டாட்டம்!

இப்போது வருகிறது அந்த நாள். 2011 மே 22, ஞாயிறு. இந்திய நேரம் இரவு 8.30. 10 ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. வெஸ்ட் ஹாம் ஏற்கெனவே கீழ்ப் பிரிவுக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டு அணிகள் போக வேண்டும். ஆபத்தில் இருப்பவை ஐந்து!

புள்ளிகளைப் பாருங்கள். பிளாக்பர்ன் 40. உல்வ்ஸ் 40. பர்மிங்காம் 39. பிளாக்பூல் 39. விகன் 39. ஐந்து அணிகளுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி இடைவெளி!

அந்த ஐந்தில் இரண்டு அணிகள் நேருக்கு நேர் மோதின. உல்வ்ஸ் மைதானத்தில் பிளாக்பர்ன்!

முதல் கோல் ஜேசன் ராபர்ட்ஸ். கிரெனடா நாட்டுக்காக ஆடியவர். இரண்டாவது பிரெட் எமர்டன். ஆஸ்திரேலியர். மூன்றாவது ஜூனியர் ஹாய்லெட். கனடாவில் பிறந்தவர். மூன்று கோல், மூன்று நாடு, ஒரே பாதி! இடைவேளையில் 3-0!

பிளாக்பர்ன் கரையேறிவிட்டது. ஆனால் கதை முடியவில்லை. இரண்டாம் பாதியில் உல்வ்ஸின் ஜேமி ஓஹாரா ஒன்று போட்டார். 3-1. அதே நேரத்தில் லண்டனில் பர்மிங்காம் டோட்டனமுடன் 1-1. அப்படியே முடிந்தால் உல்வ்ஸ் காலி!

87-ஆவது நிமிடம். உல்வ்ஸின் ஸ்டீபன் ஹன்ட் ஒரு கோல் அடித்தார். 3-2. அரங்கமே அதிர்ந்தது. ஏன் தெரியுமா? அந்த நொடியில் உல்வ்ஸும் பர்மிங்காமும் புள்ளியில் சமம். கோல் வித்தியாசத்திலும் சமம்! ஆனால் சீசன் முழுக்க அடித்த மொத்த கோல்களில் உல்வ்ஸ் மேலே. தோற்றுக்கொண்டே தப்பிக்கிற கோல்!

கூடுதல் நேரத்தில் டோட்டனமின் பாவ்லியுசெங்கோ இன்னொன்று அடிக்க, பர்மிங்காம் 2-1 என்று தோற்று மூழ்கியது. மூன்று மாதம் முன்புதான் இதே பர்மிங்காம் ஆர்சனலை வீழ்த்தி லீக் கோப்பையைத் தூக்கியிருந்தது! கோப்பையும் கையில், இறக்கமும் தலையில், ஒரே சீசனில்!

விகன் 1-0 என்று ஜெயித்துத் தப்பியது. பிளாக்பூல் யுனைடெட்டிடம் 4-2 என்று தோற்றுப் போனது. அந்த சீசனில் பிளாக்பூல் அடித்தது 55 கோல். பிழைத்த பிளாக்பர்ன் அடித்தது 46! ஒன்பது கோல் அதிகம் அடித்தும் பிளாக்பூல் கீழே போனது!

பிளாக்பர்ன் முடித்த இடம் 15. புள்ளி 43. காலையில் மரண பயம், மாலையில் ஐந்து அணிகள் கீழே!

ஹடப்சரில் இருந்து பார்த்தால் பலேவாடி மைதானம் ஊரின் மறு கோடி. பிழைத்த அந்த அணி ஐந்தே மாதத்தில் அங்கே வந்து நின்றது! 2011 அக்டோபர் 7. எதிரணி நம்ம புனே எஃப்.சி. முடிவு 3-0, விருந்தாளிக்கு!

அதே மாதம் இன்னொரு அதிசயம். பிளாக்பர்ன் வீரர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிடும் டி.வி. விளம்பரம்! யார் விளம்பரம் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அடுத்த சீசன் இன்னும் விசித்திரம். செப்டம்பரில் ஆர்சனலை 4-3 என்று வென்றார்கள். பிப்ரவரியில் அதே ஆர்சனலிடம் 7-1 என்று தோற்றார்கள்! அடுத்தடுத்த இரண்டு சீசனிலும் ஒரு 7-1!

2011 டிசம்பர் 31. அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு 70-ஆவது பிறந்தநாள். அவருடைய மைதானத்துக்கே போய், அட்டவணையின் அடியில் கிடந்த பிளாக்பர்ன் யுனைடெட்டை 3-2 என்று கவிழ்த்தது! எனக்கு இந்த கிளப்பின் மீது பிரியம் வந்தது அந்த இரவில்தான்.

இவ்வளவு செய்தும் கடைசியில் 31 புள்ளி, 19-ஆம் இடம். 2012 மே 7 அன்று விகனிடம் 1-0 தோல்வி, கீழ்ப் பிரிவு உறுதி! அந்த ஆட்டத்தின்போது ரசிகர்கள் மைதானத்துக்குள் என்ன விட்டார்கள் தெரியுமா? கிளப் கொடியைப் போர்த்திய உயிருள்ள கோழி!

அடுத்த சீசனில் தற்காலிகப் பொறுப்பாளரையும் சேர்த்து 5 மேனேஜர்கள்! அதில் ஹென்னிங் பெர்க் இருந்தது 57 நாள். மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள்! மூன்றாம் பிரிவுக்குச் சரியாமல் தப்பியது 4 புள்ளியில்!

கடைசி நாளுக்கும் இந்த கிளப்புக்கும் ஏதோ ஒட்டு இருக்கிறது. நான் அடித்துச் சொல்வேன். பாருங்களேன்!

1995. கடைசி நாள் லிவர்பூலிடம் 2-1 என்று தோற்றார்கள். ஆனாலும் சாம்பியன்! யுனைடெட் அங்கே டிரா செய்ததால் 89-க்கு 88 என்று ஒரு புள்ளியில் பட்டம்! அந்த சீசனில் ஆலன் ஷியரர் மட்டும் 34 கோல்!

நாலே வருடத்தில், 1999-இல், கீழ்ப் பிரிவு! அங்கே தள்ளிய ஆட்டமும் மான்செஸ்டர் யுனைடெட்டோடுதான். 0-0!

2017. கடைசி நாள் பிரென்ட்ஃபோர்டை 3-1 என்று ஜெயித்தார்கள். ஆனாலும் மூன்றாம் பிரிவுக்கு இறக்கம்! நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் 51 புள்ளி, இவர்களுக்கும் 51. வித்தியாசம் 2 கோல்! பிரீமியர் லீக் பட்டம் வென்றபின் மூன்றாம் பிரிவுக்கு இறங்கிய முதல் கிளப் இதுதான். ஒரே வருடத்தில் 96 புள்ளியோடு மேலே வந்துவிட்டார்கள்!

2023. கடைசி நாள் மில்வாலிடம் 3-1 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்தார்கள். ஆனாலும் பிளே-ஆஃப் இல்லை! சண்டர்லாந்துக்கும் 69, இவர்களுக்கும் 69. மறுபடியும் கோல் வித்தியாசம்!

இடையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயர் மில் தொழிலாளர்களைப் பார்க்கப் போனார். அந்நியத் துணி புறக்கணிப்பால் வேலையிழந்த ஊர்கள் அவை. அவர் தங்கிய டார்வென், பிளாக்பர்னுக்கு அடுத்த ஊர்! மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரம் செய்யும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 79 வருடம் கழித்து அந்த வட்டாரத்தின் கிளப்பை இந்தியர்கள் வாங்கினார்கள்!

இன்னொன்று. 2022 மே மாதம் ஈவுட் பார்க் புல்தரையில் ரம்ஜான் பெருநாள் தொழுகை நடந்தது. தன் மைதானத்தில் அதை நடத்திய முதல் இங்கிலாந்து கிளப் பிளாக்பர்ன்தான்!

ஐ.எஸ்.எல். மட்டுமே பார்ப்பவர்களுக்குக் கீழ்ப் பிரிவுக்குப் போகும் இந்தக் கடைசி நாள் பதைபதைப்பு புதிதாக இருக்கும். 2014-இல் தொடங்கிய நம் லீக்கின் முதல் பத்து சீசனில் கீழ்ப் பிரிவுக்குப் போன அணிகள் எத்தனை? பூஜ்யம்!

கடைசி நாள் கதைகளில் கடைசியாக 2024. எனக்கு மிகப் பிடித்தது!

புனேயிலிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்பவே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்ட காலம் அது. பிப்ரவரி 1 அன்று ஆடம் வார்டன் என்ற உள்ளூர்ப் பையனை கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். விலை 1.8 கோடி பவுண்டு! 20 வயது நிரம்ப இன்னும் 5 நாள் பாக்கி! அந்தக் கோடையிலேயே இங்கிலாந்து அணியோடு யூரோ போட்டிக்குப் போய்விட்டான்!

அணியில் மிஞ்சியவர்களில் ஒருவர் சாமி ஸ்மோடிக்ஸ். லீக்கில் மட்டும் 27 கோல். அந்தப் பிரிவிலேயே முதலிடம்! அதிக கோல் அடித்தவர் இருக்கும் அணியே கீழே விழப் பார்த்தது!

மே 4, கடைசி நாள். எதிரணி சாம்பியன் பட்டம் வென்று முடித்துவிட்ட லெஸ்டர், அதுவும் அவர்கள் மைதானத்தில். முடிவு 2-0, பிளாக்பர்னுக்கு! இரண்டு கோலும் ஸ்மோடிக்ஸ்! 53 புள்ளி, 19-ஆம் இடம், பிழைத்தார்கள்!

அன்று அணியை நடத்தியவர் ஜான் யூஸ்டஸ். அந்த சீசனை அவர் தொடங்கியது வேறு கிளப்பில். அங்கே 6-ஆம் இடத்தில் இருந்தபோது அவரை நீக்கிவிட்டு, வெய்ன் ரூனியைக் கொண்டுவந்தார்கள். எந்த கிளப் தெரியுமா? பர்மிங்காம்!

யூஸ்டஸ் பிளாக்பர்னைக் காப்பாற்றிய அதே பிற்பகலில், 50 புள்ளியோடு பர்மிங்காம் மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. 2011-இல் ஒரு முறை. 2024-இல் ஒரு முறை. பிளாக்பர்ன் தப்பிய அதே கடைசி நாளில் பர்மிங்காம் மூழ்கியது மொத்தம் 2 தடவை!