மாரிப் புயலுக்கு முன்

வெள்ளம் வருமுன் அணை போடுக என்பர் பெரியோர். சண்டிலிப்பாய் வாசிகளாகிய நமக்கோ அணையினும் வழியே முதன்மை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறெனத் தக்கது வழுக்கையாறு ஒன்றே. அதுவும் மாரியில் மட்டுமே ஓடி, அராலியருகே கடனீரேரியை அடைகின்றது. அந்நீருக்கு நாம் இடம் விடாவிடின், அது நம் முற்றத்தில் இடம் தேடும்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையையும் தாக்கிற்று. 2008 நவம்பரில் 'நிஷா' புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது.

சென்ற மாரிக்கு முன் யாம் எமது வளவை மண்ணிட்டு உயர்த்தினோம். வெள்ளம் அயல்வீட்டு அடுப்படியுட் புகுந்தது. அவ்வீட்டு ஆச்சி ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எம்மைச் சுட்டது. இவ்வாண்டு மதிலின் அடியில் நீர்வழி திறந்துவிட்டோம்.

ஐப்பசி பிறந்ததும் அயலார் ஒன்றுகூடுக. ஒழுங்கையோர வாய்க்காலில் அடைத்துள்ள ஓலையையும் பொலித்தீனையும் அகற்றுக. கூரைமேற் சாய்ந்த முருங்கை, பூவரசங் கிளைகளைத் தறித்துவிடுக. வெள்ளம் கலந்த கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே பருகுக. தனித்து வாழும் முதியோரை எவர் அழைத்துச் செல்வதென முன்னரே பேசி முடிவு செய்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் எண்ணைச் சிறுவரும் மனனம் செய்க.

மாணவர் மற்றொன்றையும் அறிதல் நலம். புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கும். பின்னர் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். அவ்வமைதியை நம்பி வெளியே செல்லலாகாது.

நம் வீட்டைக் காத்தல் அறிவு. அயல்வீட்டையும் சேர்த்துக் காத்தலே ஊர்.