ஏரிநீர் ஏற்றிய விளக்கு

இங்கிலாந்தின் வடபகுதியான நார்தம்பர்லாந்தில், ராத்பரி ஊரை அடுத்த பாறைச்சரிவில் நிற்கிறது கிராக்சைடு மாளிகை. நீராற்றல் பாரந்தூக்கிகளாலும் பீரங்கிகளாலும் பெரும்பொருள் ஈட்டிய பொறியாளர் வில்லியம் ஆர்ம்சுட்ராங்கு, 1863இல் அங்கே நிலம் வாங்கிச் சிறிய ஓய்வில்லம் ஒன்றைக் கட்டினார். 1869 முதல் கட்டடக்கலைஞர் ரிச்சர்டு நார்மன் சா அதனை மாளிகையாக விரித்தார். பணி 1884 வரை நீண்டது.

புறத்தோற்றம் ஒரு நாடகமே. ஓங்கிய புகைபோக்கிகள்; மரச்சட்டங்களுக்கிடையே வெண்சுண்ணம் பூசிய முகடுச் சுவர்கள். மரச்சட்டக் கட்டு தென்னிங்கிலாந்தின் பழைய வழக்கு. கல்லால் கட்டுவதே வடபுலத்து மரபு. சா தம் கட்டடத்துக்கு இரவல் முதுமையைப் போர்த்தினார் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் உள்ளே இயங்கியதோ அக்காலத்தின் புத்தம்புதிய அறிவியல்.

ஆர்ம்சுட்ராங்கு ஓடைகளை மறித்து ஏரிகள் அமைத்தார். மேட்டில் தேங்கிய நீர் குழாய்வழி இறங்கும்போது, உயர வேறுபாடு அழுத்தமாகிறது. அவ்வழுத்தமே மாளிகையின் மின்தூக்கியை, இல்லை, நீர்தூக்கியை மேலேற்றியது. அடுக்களையில் இறைச்சி கோத்த கம்பியைச் சுழற்றியது. 1878இல் நீர்ச்சுழலியோடு மின்னாக்கியை இணைத்து, ஓவியக்கூடத்தில் வில்விளக்கு ஏற்றினார். அதன் ஒளி கண்ணைக் கூசவைப்பது. குடியிருக்கும் அறைக்கு ஒவ்வாதது. 1880இல் நண்பர் சோசப்பு சுவான் உருவாக்கிய இழைவிளக்குகள் அக்குறையைத் தீர்த்தன.

நூலகத்து விளக்குகளை அருகிருந்து பார்க்கவேண்டும். செம்பின்மேல் எனாமல் பூசிய குடங்களின் உச்சியில் அவை பொருத்தப்பட்டன. பீடத்தின் நடுவே பாதரசம் நிறைந்த சிறு கிண்ணம்; குடத்தின் அடித்துளைவழி நீளும் கம்பிமுனை அதில் தோயும். மின்னோட்டம் அவ்வழியே ஏறி, விளக்கைக் கடந்து, குடத்தின் செம்புடல் வழியே பீடத்துக்குத் திரும்பும். குடத்தைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். தனியே ஒரு விசைமாற்றி வேண்டியதில்லை. செம்புடலில் மின்னோட்டம் பாயும் குடத்தை வெறுங்கையால் தூக்குவதை இன்றைய மின்பணியாளர் எவரும் ஒப்பமாட்டார்.

வரவேற்பறைக்கு வேறொரு சிக்கல். அங்குள்ள சலவைக்கல் அடுப்புமுகப்பின் எடை ஏறத்தாழ 10 டன். வடிவமைத்தவர் சாவின் உதவியாளர் லெத்தபி. அவ்வறை குன்றை ஒட்டியமைந்ததால் அவ்வளவு பாரத்தையும் இயற்கைப் பாறையே தாங்குகிறது. பக்கச் சாளரத்தைவிடக் கூரைவழி ஒளியே அங்கு மிகுதி. முகப்பின் சிற்பநெரிசல் எனக்கு உவப்பானதன்று. அதற்கு அடித்தளம் தேர்ந்த அறிவை வியக்காமலும் இருக்க முடியவில்லை.

1977இல் மாளிகை தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. 2014இல் டம்பில்டன் ஏரியருகே 17 மீட்டர் நீளமுள்ள ஆர்க்கிமிடீசு திருகை அறக்கட்டளை நிறுவியது. கீழிருந்து நீரிறைக்கப் பயன்பட்ட அப்பழங்கருவியை அங்கே இறங்கும் நீர் எதிர்த்திசையில் சுழற்றி, மாளிகைக்கு மீண்டும் மின்சாரம் தருகிறது.