கொச்சபம்பாவின் தண்ணீர் ஒப்பந்தம்

ஓர் ஊரார் கூடிப் பணம் சேர்த்து, தம் உடலுழைப்பையும் தந்து, குடிநீர்க் கிணறு ஒன்று வெட்டுகின்றனர். சில ஆண்டுகள் சென்றபின், அப்பகுதி முழுவதிலும் நீர் வழங்கும் தனியுரிமை ஒரு கம்பெனிக்கு அளிக்கப்படுகிறது. அப்போது அக்கிணறு யாருக்குச் சொந்தம்? தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியா நாட்டில், கொச்சபம்பா நகரத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் 1999-ஆம் ஆண்டில் எழுந்த கேள்வி இது. பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அதன் வரலாற்றை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

கொச்சபம்பா, ஆண்டிஸ் மலைகளின் இடையே சுமார் 2,500 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு பள்ளத்தாக்கு. அங்கே மண் வளமானது, மழையோ குறைவு. நகரத்தின் குடிநீரையும் கழிவுநீர் வசதியையும் செமாபா என்னும் பொது நிறுவனம் நடத்தி வந்தது. குழாய்களில் கசிவு மிகுதி. தெற்குப் பகுதியில் ஏழைகள் வாழும் குடியிருப்புகள் பலவற்றுக்குக் குழாயே செல்லவில்லை. ஆகவே அங்குள்ளோர் தாமே கமிட்டிகள் அமைத்துக் கிணறு தோண்டி, மாதந்தோறும் கட்டணம் வசூலித்துத் தண்ணீர் பெற்றனர். அதுவும் இயலாதவர்கள் லாரித் தண்ணீரை அதிக விலைக்கு வாங்கினர். நகரத்துக்கு வெளியே குடியானவர்கள் வாய்க்கால் நீரைத் தலைமுறை தலைமுறையாக முறை வைத்துப் பாய்ச்சி வந்தனர். இந்த முறை எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதன்று. ஆயினும் அதற்கு மதிப்பு இருந்தது. ஏரிப் பாசனத்தில் பழகிய நம் வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அந்நாட்களில் உலக வங்கி, பொது நிறுவனங்களைத் தனியாரிடம் ஒப்படைக்குமாறு பொலிவிய அரசாங்கத்தை வற்புறுத்தி வந்தது. அதன்படி கொச்சபம்பாவின் நீர், கழிவுநீர்ப் பணிகளும் ஏலத்துக்கு வந்தன. அகுவாஸ் டெல் துனாரி என்னும் கூட்டுக் கம்பெனி ஒன்றுதான் முன்வந்தது. அமெரிக்கப் பெக்டெல் நிறுவனத்தைச் சார்ந்த கம்பெனி அதன் முதன்மைப் பங்குதாரர். ஒருவரே கலந்துகொள்ளும் ஏலத்தில் பேரம் எப்பக்கம் சாயும் என்பதை, மீன்பாசிக் குத்தகையாவது விட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

1999 செப்டம்பரில் 40 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கம்பெனிக்குக் குறைந்தது 15 சதவீத வருமானம் கிடைக்கும் என்று அதில் உறுதியளிக்கப்பட்டது. இதன் பொருளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். செலவு கூடினால் கம்பெனியின் வருமானம் குறையாது; கட்டணமே உயரும். மிசிக்குனி அணைத் திட்டத்தின் செலவிலும் ஒரு பகுதி கட்டணத்தில் சேர்க்கப்பட்டது. அவ்வணையிலிருந்து ஒரு சொட்டு நீரும் வராத முன்னரே மக்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. நட்டம் நேருமோ என்ற அச்சமே இல்லாத வியாபாரத்தை வியாபாரம் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

அவ்வாண்டு அக்டோபரில் நிறைவேறிய 2029-ஆம் எண் சட்டம், உரிமை பெற்ற நிறுவனத்துக்கு அதன் எல்லைக்குள் நீர் வழங்கும் தனியுரிமையைத் தந்தது. கமிட்டிகளின் கிணறுகளும், குடியானவர்களின் வழக்கப்படியான நீருரிமையும் இதனால் ஆட்டங்கண்டன. மழைநீருக்கும் கட்டணம் வரும் என்ற பேச்சுகூட எழுந்தது. நகரத்தாருக்கு முன்பாகவே விழித்துக்கொண்டவர்கள் கிராமத்து நீர்ப்பாசனச் சங்கத்தார்தாம்.

2000 ஜனவரியில் புதிய ரசீதுகள் வந்தன. கட்டணம் சராசரியாக 35 சதவீதம் உயர்ந்ததாகக் கூறப்பட்டது. சில வீடுகளில் இரு மடங்குக்கும் மேலாயிற்று. நீரை அதிகமாகச் செலவிட்டதே காரணம் எனக் கம்பெனி வாதிட்டது. தொழிலாளர்களும் குடியானவர்களும் ஒன்று சேர்ந்து ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல் மாதங்களில் சாலைகளை மறித்தனர். ஏப்ரல் 8-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஹியூகோ பான்சர் நெருக்கடி நிலையை அறிவித்தார். 17 வயது மாணவன் ஒருவன் சுடப்பட்டு இறந்தான். இரண்டு நாட்களில் ஒப்பந்தம் ரத்தாயிற்று, சட்டமும் திருத்தப்பட்டது. நீர்ப் பணி மீண்டும் செமாபாவிடம் வந்தது. கம்பெனி சர்வதேச நடுவர் மன்றத்தில் நஷ்டஈடு கோரியது. எனினும் 2006 ஜனவரியில், பெயரளவுக்கு 2 பொலிவியானோ பெற்றுக்கொண்டு வழக்கைக் கைவிட்டது.

தண்ணீருக்குக் கட்டணமே கூடாது என்று அம்மக்கள் போராடவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். கிணற்றுக் கமிட்டியில் அவர்கள் ஒழுங்காகக் கட்டணம் செலுத்தியவர்களே. அங்கே மோட்டார் பழுதுக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவு ஆகும் என்பதை ஊர்க்கூட்டத்தில் கணக்குப் பார்த்தே தொகையை முடிவு செய்தனர். புதிய ஏற்பாட்டில் விகிதத்தை நிர்ணயிப்பதில் அவர்களுக்கு இடமில்லை. கணக்கைப் பார்க்கவும் வழியில்லை.

பொது நிறுவனம் திரும்பி வந்ததும் எல்லாம் செம்மையாயின என்று எழுதுவதும் உண்மையாகாது. செமாபாவின் கசிவுகள் தொடர்ந்தன. நிர்வாகத்தைப் பற்றிய புகார்களும் நின்றபாடில்லை. தெற்குப் பகுதி மக்கள் பல ஆண்டுகள் லாரித் தண்ணீரையே நம்பியிருந்தனர். மிசிக்குனி அணை கட்டி முடிவதற்கு 2017 ஆகிவிட்டது. குழாய் பதிக்கப் பணம் வேண்டும் என்ற பழைய சிக்கலைப் போராட்டம் தீர்த்துவிடவில்லை.

ஆயினும் இரண்டு காரியங்கள் நிலைத்தன. நீர், கழிவுநீர்ப் பணிகளைத் தனியாருக்கு விடலாகாது என்று 2009-ஆம் ஆண்டின் பொலிவிய அரசியலமைப்பு விதித்தது. அதற்கு முன்னரே, 2004-இல், நீர்ப்பாசனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குடியானவச் சமூகங்கள் தாங்கள் வழக்கமாக அனுபவித்து வரும் நீர்நிலைகளைப் பதிவு செய்துகொள்ள அச்சட்டம் வழி செய்தது. அதுவரை முதியோர் நினைவில் மட்டும் இருந்த முறைப்பாசன உரிமை அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெறலாயிற்று.